கன்சோல் செட்டைத் தலையில் கட்டுகிறார்கள்: டைவ் கம்ப்யூட்டர் வாங்கப்போகும் கோவை, திருப்பூர், ஈரோடு ஆட்களுக்கு

திருப்பூர்க்காரர் ஒருவருக்குப் புதிது என்று விற்கப்பட்ட ஸ்கூபா டைவிங் கன்சோல் செட் (காற்று ஹோஸின் முனையில் தொங்கும் கேஜும் டைவ் கம்ப்யூட்டரும்) எங்களிடம் பரிசோதனைக்கு வந்தது. பில்லில் 'ஏர் இன்டக்ரேட்டட் டைவ் கம்ப்யூட்டர்' என்று, அதாவது ஆழம், நேரம், உடம்பில் ஏறும் நைட்ரஜன் ஆகியவற்றோடு சிலிண்டர் காற்றையும் கணக்கிடும் கருவி என்று போட்டிருக்கிறார்கள். ரப்பர் உறையைக் கழற்றினால் உள்ளே இருப்பது இரண்டு தனிச் சாமான்கள். மேலே சாதாரண முள் பிரஷர் கேஜ். கீழே அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் அடிப்படைக் கம்ப்யூட்டர். சிலிண்டரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது. ஹிஸ்டரி பக்கத்தைத் திறந்தால் 96 டைவ், அதிகபட்ச ஆழம் 41 மீட்டர். திருப்பிக் கொடுக்கப் போனபோது கிடைத்த பதில்: "உறையக் கழட்டிப் போட்டீங்களேங்க, இனி எடுக்க முடியாதுங்க."

பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் டைவ் பதிவுகளை (லாக்) அழித்தாலும் ஹிஸ்டரியின் மொத்தக் கணக்கு நிற்கும். அதனால் பணம் எடுத்து வைப்பதற்கு முன்பே கடையில் பட்டனை அழுத்தி ஹிஸ்டரியைத் திறக்கச் சொல்லுங்கள். புதுப் பொருளில் டைவ் எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். அடுத்து பிளான் மோடு. 18 மீட்டருக்கு ஏறத்தாழ 50 நிமிடம், 30 மீட்டருக்கு 15 முதல் 20 நிமிடம் வரை நோ-டிகோ நேரம் (அந்த ஆழத்தில் இருந்துவிட்டு, வழியில் கட்டாய நிறுத்தம் இல்லாமல் மேலே வரக்கூடிய நேரம்) காட்டினால்தான் அது டைவ் கம்ப்யூட்டர். ஆழமும் நேரமும் மட்டும் காட்டினால், பெட்டியில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட் 100 மீட்டர்' என்று எழுதியிருந்தாலும் அது வெறும் கடிகாரம். உடம்பில் ஏறும் நைட்ரஜனை அது கணக்கிடாது.

அந்த செட் நல்லதாகவே இருந்திருந்தாலும் அவருக்கு ஆகாது. நமக்குக் கடல் பக்கத்தில் இல்லை. புதுச்சேரி, ராமேஸ்வரம், கர்நாடகத்தில் முருதேஸ்வர் பக்கம் உள்ள நேத்ராணி தீவு என்று எங்கே போனாலும் ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) அங்கேயே வாடகைக்கு எடுப்பவர்கள்தான் அதிகம். கன்சோல் என்பது ஹை பிரஷர் ஹோஸின் முனையில் தொங்குவது. அதை மாட்ட வேண்டுமானால் ரெகுலேட்டரில் சிலிண்டரோடு மாட்டும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் எச்.பி. (ஹை பிரஷர்) என்று குறித்திருக்கும் போர்ட்டில் இருந்து, வாடகை செட்டின் ஹோஸைக் கழற்றி உங்களுடையதைத் திருக வேண்டும். தன் ரெகுலேட்டரில் ஸ்பேனர் வைக்க எந்தப் படகுக்காரரும் விடமாட்டார். ஹோஸை விட்டுவிட்டு கேஜை மட்டும் மாற்றலாமே என்றால் அங்கேயும் சிக்கல். ஹோஸுக்கும் கேஜுக்கும் நடுவே ஒரு சின்ன சுழல் பின், அதில் கடுகளவு தடிமனில் இரண்டு ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்). ஒன்று நசுங்கினாலும் தண்ணீருக்குள் பொடிக் குமிழி சரம் சரமாக வரும். எச்.பி. ஹோஸில் காற்று வரும் துளை ஊசிமுனை அளவுதான் என்பதால் சிலிண்டர் சட்டென்று காலியாகிவிடாது. ஆனால் அன்றைய டைவ் போச்சு.

மேலே ஏறும்போது இடது கை, மிதவை ஜாக்கெட்டான பி.சி.டி.யின் காற்றைக் கூட்டிக் குறைக்கும் குழாயை (இன்ஃப்ளேட்டர்) பிடித்திருக்கும். கன்சோலும் இடுப்பின் இடப் பக்கம்தான் தொங்கும். வலது கையைக் குறுக்கே விட்டுத் தேடி எடுத்தால்தான் ஆழம் தெரியும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்குள் ஏறி, 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டிய கட்டம் அது. இடது மணிக்கட்டில் கட்டிய கம்ப்யூட்டரோ இன்ஃப்ளேட்டரைத் தூக்கிய கையிலேயே கண்ணெதிரே நிற்கும். கன்சோலை கிளிப்பில் மாட்டாமல் விட்டால் பவளப்பாறையில் இழுபடுவதும் உண்டு.

சொந்தமாக முழு செட் வைத்திருப்பவருக்கும், வெள்ளெழுத்தால் பெரிய எண்கள் தேவைப்படுபவருக்கும் கன்சோல் நல்ல பொருள்தான். வாடகை செட்டில் இறங்குபவருக்கு எங்கள் சிபாரிசு, டிரான்ஸ்மிட்டர் (சிலிண்டர் அழுத்தத்தைக் கம்பியில்லாமல் அனுப்பும் கருவி) இல்லாத, மணிக்கட்டில் கட்டும் சாதாரண ரிஸ்ட் கம்ப்யூட்டர். காற்றை வாடகை கேஜிலேயே பார்த்துக்கொள்ளலாம், சிலிண்டரில் 50 பார் அழுத்தம் மிச்சம் இருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும். டிரான்ஸ்மிட்டரும் எச்.பி. போர்ட்டில்தான் திருக வேண்டும் என்பதால் அதே பிரச்சினை அங்கும் வரும். இன்னொரு ஏமாற்று: 'ஏர் ரெடி' என்று விற்பார்கள், டிரான்ஸ்மிட்டர் பெட்டிக்குள் இருக்காது. ரிஸ்ட்டின் பலவீனம் பட்டைதான். ஆழத்தில் வெட்சூட் (டைவிங் ரப்பர் உடை) அமுங்குவதால் பட்டை தளரும். இறங்கியபின் ஒருமுறை இறுக்குங்கள், அல்லது பங்கி கயிறு (இழுத்தால் நீளும் ரப்பர் கயிறு) போடுங்கள்.

வாங்கியதைச் சோதிக்க நம்மூர்க் கிணறே போதும். ஆள் இறங்க வேண்டாம். இழுத்தால் நீளாத கயிற்றில், கம்ப்யூட்டர் கட்டும் முனையில் இருந்து 5, 10 மீட்டரில் முடிச்சுப் போட்டு, எடைக்கல்லோடு கம்ப்யூட்டரை இரட்டை முடிச்சில் கட்டுங்கள். மேட்டிலேயே ஆன் செய்துவிட்டு, முடிச்சு தண்ணீர் மட்டத்தைத் தொடும்வரை இறக்குங்கள். கிணற்று நீர் நன்னீர். உப்புநீர் செட்டிங்கில் இருக்கும் கம்ப்யூட்டர் 10 மீட்டரில் 9.7 அல்லது 9.8 காட்டினால் அது சரியான கணக்கு, பழுதில்லை. 9.2, 9.3 என்று வந்தாலோ 10.5 தாண்டினாலோ சென்சார் சரியில்லை. ஒரு நிமிடம் கழித்து 10 மீட்டரையும் அரை நிமிடத்துக்குள் இழுத்தால் வேக எச்சரிக்கை அலற வேண்டும். இதையும் ஒரு டைவாகக் கணக்கில் சேர்க்கும் என்பதால், பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

கடைக்காரர்கள் சொல்லாமல் விடுவது உயரம். சில கம்ப்யூட்டர்களில் 300 மீட்டருக்கு மேல் உயர செட்டிங்கைக் கையால் மாற்ற வேண்டும். கோவை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 410 மீட்டர் என்பதால் நீச்சல்குளப் பயிற்சிக்கே அது தேவைப்படும். அதைவிட முக்கியம் ஊட்டி, சுமார் 2240 மீட்டர். 'நோ ஃப்ளை' நேரம் (டைவ் முடித்தபின் காத்திருக்க வேண்டிய நேரம்) விமானத்துக்கு மட்டும்தான் என்று சொல்லி அனுப்புகிறார்கள், அது தவறு. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறுவதற்கும் அதே கணக்குத்தான். ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம். டிகோ ஸ்டாப் (ஏறும் வழியில் கட்டாய நிறுத்தம்) போட வேண்டி வந்த டைவ் என்றால் அதற்கும் வெகுவாக மேலே.

பேட்டரியைக் கைக்கடிகாரக் கடையில் மாற்றாதீர்கள். செல் எளிதில் கிடைக்கும், மூடியின் ஓ-ரிங் கிடைக்காது. பழைய ஓ-ரிங்கில் ஒரு முடி ஒட்டியிருந்தாலும் முதல் டைவிலேயே தண்ணீர் புகும். அந்தக் கம்பெனியின் பேட்டரி கிட்டில் செல்லும் ஓ-ரிங்கும் சேர்ந்தே வரும். செல்லை நீங்களே மாற்றலாமா, சர்வீஸ் சென்டருக்கு அனுப்ப வேண்டுமா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

பில்லில் மாடல் பெயர், சீரியல் எண், புதியதா பழையதா, டிரான்ஸ்மிட்டர் உண்டா இல்லையா என்ற நான்கையும் எழுதி வாங்குங்கள். சீரியல் எண் பொருளின் பின்பக்கமும் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையை விட்டு இறங்குமுன் பாருங்கள். திருப்பூர்க்காரரின் பில்லில் சீரியல் எண்ணே இல்லை. அதனால்தான் விற்றது அந்தப் பொருள்தான் என்று அவரால் நிரூபிக்க முடியவில்லை.