பழ ஓட்ஸ் பார்: பேரீச்சையா, வாழையா, தேனா, வெல்லமா?

காலை உணவுக்குப் பழமும் ஓட்ஸும் சேர்த்து வீட்டிலேயே பார் சுட நினைப்பவர்கள் எந்தப் பழம் போடலாம் என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். எனக்கு அது இரண்டாவது கேள்வி. ஓட்ஸையும் பழத்தையும் பருப்பையும் எது பிடித்து வைக்கப்போகிறது என்பதே முதல் கேள்வி. பார் மெத்தென்று இருக்குமா, கடக்கென்று உடையுமா, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், ஒரு துண்டுக்கு எவ்வளவு சர்க்கரை என்பதெல்லாம் அந்தப் பிடிமானப் பொருளைப் பொறுத்தே அமைகிறது. நம் வீடுகளில் அதற்கு நான்கு பொருள்கள் போட்டியில் இருக்கின்றன: தேன், வெல்லப்பாகு, கனிந்த வாழைப்பழம், பேரீச்சை விழுது.

அடிப்படை ஒன்றாக இருந்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். 200 கிராம் ரோல்டு ஓட்ஸ், 60 கிராம் வறுத்த நிலக்கடலையும் பூசணி விதையும், 100 கிராம் உலர்பழம், இரண்டு சிட்டிகை உப்பு. 8 அங்குலச் சதுர டின்னில் அழுத்திச் சுட்டால் 12 துண்டுகள் வரும். நான்கு வகைக்கும் இது பொது.

ஓட்ஸ் வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். முழு ஓட்ஸ் மணியை ஆவியில் வேகவைத்துத் தட்டையாக்கியது ரோல்டு ஓட்ஸ். அதையே நறுக்கி இன்னும் மெல்லியதாகத் தட்டினால் சீக்கிரம் வேகும் வகை. இது பாகில் பட்டதும் மாவாகிக் குழைகிறது. சுட்ட பிறகு கடிக்க ஒன்றும் இருக்காது. ஸ்டீல் கட் ஓட்ஸ் அதற்கு நேரெதிர். தட்டாமல் துண்டாக மட்டும் நறுக்கியது என்பதால், அரை மணி நேரம் அவனில் (சுடும் மின்னடுப்பில்) இருந்தாலும் பல்லில் கல்லாகத்தான் படும். அது கஞ்சிக்கு அருமை, பாருக்கு வேண்டாம். எந்தப் பிடிமானப் பொருளாக இருந்தாலும், ரோல்டு ஓட்ஸை முதலில் கடாயில் சிறு தீயில் வாசம் வரும்வரை வறுத்துக்கொள்ளுங்கள். வறுக்காத ஓட்ஸில் ஒரு பச்சை வாடை தங்கிவிடுகிறது.

இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பாதிக்கு மேல் தேனைத்தான் சொல்கின்றன. 120 கிராம் தேன், 60 கிராம் வெண்ணெய், இரண்டையும் லேசாகச் சூடாக்கிக் கலந்து ஊற்றுங்கள் என்று இருக்கும். சேர்ப்பது எளிது, சந்தேகமில்லை. ஆனால் தேனில் இருப்பது பெரும்பாலும் ஃபிரக்டோஸும் குளுக்கோஸும். வெல்லத்திலும் சீனியிலும் உள்ள சுக்ரோஸைவிட இவை குறைந்த சூட்டிலேயே பழுப்பேறும். 180 டிகிரியில் வைத்தால் நடுப்பகுதி வேகும் முன்பே ஓரங்கள் கருகிக் கசந்துவிடும். 150 டிகிரியில் 25 நிமிடம்தான் சரி. அடுத்த தொல்லை ஈரம். தேன் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் டப்பாவைத் திறந்து திறந்து மூடினால் மூன்றாம் நாளே துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தேனைச் சூடாக்கக் கூடாது என்று ஆயுர்வேதம் சொல்வதை மதிப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ஒரு வயது நிரம்பாத குழந்தை உள்ள வீட்டில், தேன் சேர்த்த எதையும் அந்தக் குழந்தையின் வாயில் வைக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய, பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோயைத் தரும் கிருமியின் வித்துகள் வீட்டு அவன் சூட்டில் சாவதில்லை. நல்ல தேனின் விலையையும் சேர்த்துப் பார்த்தால், தேனுக்கு நான் கடைசி இடம்தான் தருவேன். அதன் மணம் முக்கால்வாசி அவனிலேயே போய்விடுகிறது.

வெல்லம் வேறு ரகம். இங்கே நமக்குக் கைப்பழக்கம் உண்டு. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மிட்டாயின் அடிப்படை வித்தை பாகுப் பதம்தான், ஓட்ஸ் பாருக்கும் அதுவே. ஆனால் அதே பதம் இல்லை. கடலை மிட்டாய்க்கு, தண்ணீரில் விட்ட பாகு ‘டக்’ என்று உடையும்வரை காய்ச்சுவார்கள். பாருக்கு அவ்வளவு தூரம் போகக் கூடாது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் நின்று, விரலால் மெத்தென்று உருட்ட வர வேண்டும். அதிரசத்துக்கு எடுக்கும் பதம். தெர்மாமீட்டர் இருந்தால் 115 டிகிரி அளவில் இறக்குங்கள். காரணம், பாரை இன்னும் அவனில் வைக்கப்போகிறோம். அங்கே மிச்ச ஈரமும் போய்ப் பாகு மேலும் இறுகும். அடுப்பிலேயே முற்றிய பாகு என்றால் சுட்ட பிறகு கத்தி இறங்காது.

அளவு: 150 கிராம் வெல்லம், மூன்று மேசைக்கரண்டி தண்ணீர், 50 கிராம் நெய். கரைந்ததும் வடிகட்டுவதைத் தவிர்க்காதீர்கள், மண் இல்லாத வெல்லம் அபூர்வம். கடையில் பாகு வெல்லம் என்று கேட்டு வாங்குங்கள். வெளிறிய மஞ்சளை ஒதுக்கிவிட்டு நிறம் அடர்ந்ததாகப் பார்த்து எடுங்கள். கருப்பட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. வறுத்த ஓட்ஸும் கருப்பட்டியின் புகை மணமும் அவ்வளவு பொருத்தம்.

பிரிட்டனில் ஃபிளாப்ஜாக் என்று ஓட்ஸ், வெண்ணெய், சர்க்கரை, கோல்டன் சிரப் சேர்த்துச் சுடும் பலகாரம் ஒன்று உண்டு. அது நாள்பட்டாலும் இழுவையாகவே இருக்கும். அந்தச் சிரப்பில் உள்ள சுக்ரோஸின் ஒரு பகுதி முன்பே குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் பாகு மணல் மணலாகக் கட்டுவதில்லை. நம் வெல்லப்பாகிலும் அதைக் கொண்டுவரலாம். கொதிக்கும்போது அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டால் போதும், புளிப்பு அந்த வேலையைச் செய்துவிடும். 160 டிகிரியில் 15 நிமிடம் சுட்டு, டின்னை எடுத்த கையோடு, சூடு ஆறும் முன் கத்தியால் கோடு போட்டுவிட வேண்டும். தேன் பார் இதற்கு நேர்மாறு, முழுதாக ஆறிய பிறகே வெட்ட வேண்டும். அதை அவசரப்பட்டு வெட்டினால் கிரானோலாபோல் உதிரி உதிரியாகிவிடும்.

அவன் இல்லாத வீட்டுக்கும் வெல்லம்தான் கைகொடுக்கும். ஓட்ஸை நன்றாக வறுத்துவிட்டுப் பாகைச் சற்றுக் கூடுதலாக முற்றவிட்டால் சுடாமலேயே தட்டில் கொட்டி வில்லை போடலாம். தேனிலும் சுடாத பார் செய்கிறார்கள், ஆனால் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடத்தில் தளர்ந்துவிடும்.

வாழைப்பழத்தைப் பேசும்போது பழனிப் பஞ்சாமிர்தத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பிரசாதத்தில் வாழைப்பழம், வெல்லம், தேன், பேரீச்சை, நெய், கற்கண்டு, ஏலக்காய் எல்லாம் சேர்கின்றன. இந்தக் கட்டுரையில் போட்டியிடும் நால்வரும் அங்கே ஒரே அண்டாவில் இருக்கிறார்கள்! தண்ணீர் ஒரு சொட்டும் சேர்ப்பதில்லை. பழமும் நீர்ப்பற்று குறைந்த விருப்பாச்சி மலைவாழை. கூடவே வெல்லமும் தேனும் ஈரத்தைப் பிடித்துக் கட்டிப்போடுவதால் கிருமிக்கு வேண்டிய நீர் மிஞ்சுவதில்லை; வெளியே வைத்தாலும் தாங்குகிறது. வாழைப்பழ பார் ஏன் சீக்கிரம் கெடுகிறது என்பதற்கு விடையும் இதிலேயே இருக்கிறது. சாதாரண வாழைப்பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர். அதை 300 கிராம் மசித்து வேறு இனிப்பில்லாமல் ஓட்ஸோடு கலந்தால், 170 டிகிரியில் 35 நிமிடம் வைத்தாலும் நடுவில் ஈரம் நிற்கும். கோடையில் ஒரே நாள்தான் வெளியே வைக்கலாம், மறுநாள் புளிவாடை வந்துவிடும்.

அதனால் ரகம் பார்க்க வேண்டும். ரோபஸ்டாவும் பூவனும் நீர்விடும். நேந்திரம் சதைப்பற்றும் மாவுச்சத்தும் உள்ளது, சுட்டால் உருவம் நிற்கும். தோலில் கரும்புள்ளி விழுந்து நன்றாகக் கனிந்ததாக எடுங்கள். நேந்திரத்தில் செய்தாலும் அது கடிக்கும் பார் என்பதைவிட அடர்ந்த கேக்தான். பல் வலுவில்லாத பெரியவர்களுக்கும் இனிப்பைக் குறைக்க விரும்புபவர்களுக்கும் இதையே சொல்வேன். பையில் போட்டு எடுத்துப்போக லாயக்கில்லை.

மொறுமொறு வெல்லம், மெத்தென்ற வாழை என்ற இரண்டு முனைகளுக்கும் நடுவில் நிற்கிறது பேரீச்சை. 200 கிராம் கொட்டையெடுத்த பழத்தை 100 மில்லி வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடே அரைத்து, 40 கிராம் நிலக்கடலை வெண்ணெய் சேர்த்தால் கெட்டியான விழுது. கிமியா என்ற பெயரில் விற்கும் மென்மையான பேரீச்சை என்றால் ஊறவைக்கவே வேண்டாம், கையால் பிசைந்தாலே மசியும். பாகுப் பதம் பார்க்கும் பயமில்லை, சூடு சற்று ஏறினாலும் தேனைப்போல் சட்டென்று கருகாது. 170 டிகிரியில் 25 நிமிடத்தில் வெளியே லேசான மொறுமொறுப்பும் உள்ளே இழுவையும் வரும். மூடிய டப்பாவில் மூன்று நான்கு நாள், குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு வாரம் நன்றாக இருக்கும். கொட்டை நீக்கியது என்று அச்சிட்ட பாக்கெட்டாக இருந்தாலும் ஒவ்வொரு பழத்தையும் பிளந்து பார்த்துவிடுங்கள். ஒரு கொட்டை மிக்சி பிளேடையும் கெடுக்கும், பல்லையும் உடைக்கும்.

சுவையில் எனக்குப் பேரீச்சைதான் முதலிடம். ஆனால் ‘சர்க்கரையே இல்லாத பார்’ என்று அதைப் புகழ்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கணக்குப் போடுங்கள். பேரீச்சையில் 100 கிராமுக்குச் சுமார் 63 கிராம் சர்க்கரை. அப்படியென்றால் 200 கிராமில் 126. ஒரு துண்டுக்குப் பத்து கிராமுக்கு மேல். 150 கிராம் வெல்லம் போட்ட பாரிலும் ஒரு துண்டுக்கு 11 கிராம் அளவில்தான் வருகிறது. தேனில் 8, வாழையில் 4க்குள். எல்லாவற்றிலும் உலர்திராட்சை 100 கிராம் போட்டிருந்தால் துண்டுக்கு இன்னும் 5 கிராம். பேரீச்சையோடு நார்ச்சத்தும் வருகிறது, உண்மை. நீரிழிவு உள்ளவருக்குத் தாராளமாகச் சாப்பிடலாம் என்று நீட்ட அது போதாது.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சேர்க்கும் சர்க்கரை, தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றிலிருந்து வரும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. அந்த 5 சதவீதம் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம். வெல்ல பார் இரண்டு துண்டு தின்றால் 22 போய்விட்டது. முழுப் பழத்தின் சர்க்கரை இந்தக் கணக்கில் வராது. ஆனால் பிரிட்டனில் பழத்தை விழுதாக அரைத்தால் அதையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். ஆகவே பேரீச்சையில் பாதியை அரைத்து, மீதியைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். பிடிமானம் கெடாது, கடிக்கவும் கிடைக்கும்.

ஓட்ஸ் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்ற பேச்சையும் இங்கே அளந்து பார்க்க வேண்டும். ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்துதான் அந்த வேலையைச் செய்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இல், ஓட்ஸ் இதயநோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்ற வாசகத்தைப் பாக்கெட்டில் அச்சிட அனுமதித்தபோது வைத்த அளவு நாளொன்றுக்கு 3 கிராம். நம் பாரில் ஒரு துண்டுக்கு ஓட்ஸ் சுமார் 17 கிராம்தான், பீட்டா குளுக்கன் முக்கால் கிராமைக்கூடத் தொடாது. அந்த 3 கிராமுக்காக நான்கைந்து துண்டு தின்றால் கூடவே ஏறும் சர்க்கரை நன்மையைத் தின்றுவிடும். அந்தப் பலன் வேண்டுபவர்கள் ஓட்ஸ் கஞ்சி குடிக்கலாம்.

இப்போது பழம். கறுப்பு உலர்திராட்சை மலிவு, எங்கும் கிடைக்கும். மேற்பரப்பில் துருத்திக்கொண்டிருந்தால் உப்பிக் கருகும் என்பதால் உள்ளே அழுத்திவிட வேண்டும். உலர்ந்த அத்தி இன்னும் நல்ல தேர்வு, அதன் விதைகள் கடிபடும். கடையில் விற்கும் கிரான்பெரி பெரும்பாலும் சர்க்கரையில் ஊறியது. டூட்டி ஃப்ரூட்டி சர்க்கரைப் பாகில் ஊறிய பப்பாளிக்காய். இரண்டையும் நான் சேர்ப்பதில்லை. மாம்பழம், ஆப்பிள் போன்ற பச்சைப் பழங்களை அப்படியே போட்டால் நீர்விடும். கடாயில் சுருள வதக்கி, ஓட்ஸ் கலவையின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே பரப்பிச் சுடுங்கள். எதைப் போட்டாலும் புளிப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். எலுமிச்சைத் தோல் துருவலோ வெயிலில் காய்ந்த நெல்லிக்காய்த் துண்டோ இல்லாவிட்டால் இரண்டாவது கடியிலேயே திகட்டும்.

தேர்வு எப்போது, எங்கே சாப்பிடப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. ரயில் பயணம், விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்புவது என்றால் வெல்லம் ஒன்றுதான் வழி. காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் மொறுமொறுப்பு மாறாது. வீட்டிலேயே இரண்டு நாளில் தீர்ந்துவிடும் என்றால் நேந்திரம். அன்றாடக் காலைக்கு நான் பரிந்துரைப்பது கலவை: 120 கிராம் பேரீச்சை, அதில் பாதி அரைத்தது, பாதி நறுக்கியது, நன்கு கனிந்த நேந்திரம் ஒன்று, 40 கிராம் நிலக்கடலை வெண்ணெய், அரை ஸ்பூன் ஏலக்காய்த் தூள். வாழையிலேயே ஈரம் இருப்பதால் தண்ணீர் வேண்டாம். பிடிமானத்திலிருந்து வரும் சர்க்கரை துண்டுக்கு 8 கிராம் அளவுக்குக் குறைகிறது.

டின்னில் பேக்கிங் பேப்பரை இரண்டு பக்கமும் வெளியே நீட்டி விரித்து, கலவையைக் கொட்டி, தட்டையான அடியுள்ள டம்ளரால் உடம்பின் பலத்தைக் கொடுத்து அழுத்துங்கள். பார் உதிர்வதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த அழுத்தம் போதாததுதான். ஓடிஜி எனும் சிறிய மின் அவனில் கீழ்த்தட்டில் வைத்து 170 டிகிரியில் 28 நிமிடம் சுடுங்கள். மேல் கம்பியின் சூடு அதிகம் என்றால் கடைசிப் பத்து நிமிடத்துக்கு அதை அணைத்துவிடலாம். முழுதாக ஆறவிட்டு வெட்டி, துண்டுகளுக்கு நடுவே தாள் வைத்து ஃப்ரீசரில் அடுக்கினால் ஒரு மாதம் இருக்கும். இரவு படுக்கப்போகும்போது வேண்டிய துண்டுகளை ஃப்ரீசரிலிருந்து குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் காலையில் சாப்பிடும் பதத்தில் இருக்கும்.