கார் ஸ்பீக்கரில் இரைச்சல்: பேட்டர்ஸ் ரோடு கடையா, வீட்டுக்கு வரும் ட்யூனரா?

இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஸ்பீக்கரில் 'ஊய்ங்' என்று ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறும், இன்ஜின் நின்றால் அதுவும் நின்றுவிடும். இதற்காக முதலில், சென்னையில் கார் ஆக்சஸரி கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். அப்புறம் திருவான்மியூரில் என் வீட்டுக்கே ஒரு ட்யூனரை, அதாவது கார் ஆடியோவைச் சரிபார்த்து ட்யூன் செய்பவரை, வரவழைத்தேன்.

புதிதாக மியூசிக் செட், ஸ்பீக்கர் மாட்ட வேண்டுமென்றால் பேட்டர்ஸ் ரோடுதான். நாலு கடை ஏறி இறங்கினால் விலை குறையும், அன்றைக்கே மாட்டியும் தருவார்கள். வாரண்டி உள்ள கார் என்றால் ஒரிஜினல் வயரை வெட்டாமல், செருகி இணைக்கும் கப்ளர் போட்டே மாட்டச் சொல்லுங்கள்.

பழுது என்று வரும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது. கடையில் ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, "ஆம்ப் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயரைத்தான் அப்படிச் சொன்னார்கள். பொருள் விற்றால்தான் அவர்களுக்கு வருமானம். ஒரு மணி நேரம் குனிந்து வயரைத் தேடினால் கட்டுப்படியாகாது.

செட்டிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிளை ட்யூனர் ஆம்ப்பிலிருந்து பிடுங்கினார். சத்தம் நின்றது. ஆம்ப் நன்றாகத்தான் இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பிறகு இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும், ஆம்ப்பின் எர்த் வயரை கார் பாடியோடு இணைக்கும் போல்ட்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தார். கிட்டத்தட்ட சைபர் காட்ட வேண்டிய இடத்தில் அரை வோல்ட். போல்ட்டைக் கழற்றினால், அடியில் பெயின்ட்டைச் சுரண்டாமலே முடுக்கியிருந்தார்கள். சுற்றிலும் துரு, கடலோர உப்புக் காற்றுக்குச் சொல்லவா வேண்டும்? உப்புத்தாளால் வெறும் இரும்பு பளிச்சிடும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். அவ்வளவுதான், சத்தம் போய்விட்டது. ஒரு பொருளும் வாங்கவில்லை.

அதோடு ட்யூனிங்கும் செய்தார். வலது கதவு ஸ்பீக்கர் என் காதுக்கு இடதைவிட சுமார் 50 செ.மீ. பக்கத்தில் இருக்கிறது. ஒலி ஒரு மில்லி செகண்டில் 34 செ.மீ. போகும். அதனால் செட்டில் வலதை 1.5 மில்லி செகண்ட் தாமதப்படுத்தினார். வலது கதவிலிருந்து வந்துகொண்டிருந்த குரல், டாஷ்போர்டின் நடுவே வந்து நின்றது.

நான் பழுதுக்காகப் போனது ஒரே ஒரு கடை. அதே ரோட்டில் மீட்டர் வைத்துப் பார்ப்பவர்களும் இருக்கலாம். அவர்களை நான் குறை சொல்லவில்லை. யாரைக் கூப்பிட்டாலும், "முதலில் எர்த்தை மீட்டர் வைத்துப் பார்ப்பீர்களா?" என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். அந்த போல்ட் எங்கே இருக்கிறது என்று ட்யூனர் காட்டிக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் நானே ஒருமுறை கழற்றிப் பார்த்துக்கொள்கிறேன்.