மூன்று சீசன் தூக்கித் திரிந்த ஃபாக்ஸ் ஸ்டெர்லிங்வொர்த், 16 கேஜ் இரட்டைக்குழல்

இது புதுத் துப்பாக்கி இல்லை, கடையில் போய் டப்பாவைப் பிரித்து எடுக்கிற சரக்கும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏ.எச். ஃபாக்ஸ் கம்பெனி பிலடெல்பியாவில் இருந்த காலத்தில் செய்தது. 1929 கடைசியில் சாவேஜ் கம்பெனி ஃபாக்ஸை வாங்கி, பட்டறையை நியூயார்க் மாநிலத்து யூட்டிகாவுக்குக் கொண்டுபோய்விட்டது, என்னுடையது அதற்கு முந்தியது. கிட்டத்தட்ட நூறு வயது. செதுக்கு வேலைப்பாடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது, பக்கவாட்டில் பேர் மட்டும் வெட்டியிருக்கும். ஃபாக்ஸ் 1910-ல் விலை குறைந்த ரகமாகக் கொண்டுவந்ததுதான் ஸ்டெர்லிங்வொர்த், விவசாயியும் ரயில்வேக்காரரும் வாங்கட்டும் என்று.

வாங்கியதற்குக் காரணம் ஒரு வாக்கியம். 16 கேஜ் பைத்தியம் பிடித்தவர்கள் யாரிடம் பேசினாலும் பத்து நிமிடத்துக்குள் "20 மாதிரி தூக்கலாம், 12 மாதிரி அடிக்கும்" என்று சொல்லிவிடுவார்கள், அதாவது 20 கேஜ் போல லேசாக, 12 கேஜ் போல பலமாக. எனக்கு அதில் பாதி சந்தேகம், பாதி ஆசை. நான் அதுவரை வைத்திருந்தது 12 கேஜ் பம்ப் (முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுகிற ஒற்றைக்குழல், ஒற்றை விசை), மூன்றரைக் கிலோவுக்குப் பக்கம். விஸ்கான்சின் வடக்கே பார்க் ஃபால்ஸ் பக்கத்துக் காடுகளில் க்ரௌஸ் என்கிற காட்டுப் பறவையைத் தேடி நடக்கிறவர்களுக்குத் தெரியும், சுடுவது நாளைக்கு நாலைந்து தடவை, தூக்கிக்கொண்டு நடப்பது ஆறு மணி நேரம். வெட்டி விட்டு மறுபடி முளைத்த ஆஸ்பென் காடு, பத்து பதினைந்து வயதுக் குச்சி மரங்கள், ஆள் நுழையவே தோளைச் சாய்க்க வேண்டும். அதற்குள் கனமான துப்பாக்கியை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்து நடந்தால் மத்தியானத்துக்கு மேல் கை தானாகக் கீழே இறங்கிவிடும், பறவையும் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கிளம்பும்.

கேஜ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வரி. குழலுக்குள் சரியாகப் பொருந்துகிற ஈயக் குண்டு ஒரு பவுண்டுக்கு எத்தனை நிற்கும் என்பதுதான் கணக்கு. 16 என்றால் பதினாறு குண்டு, ஆக ஒரு குண்டு சரியாக ஒரு அவுன்ஸ், 28 கிராம். அதனால் எண் குறைய குறைய குழல் பெரிது. 12 கேஜ் 18.5 மில்லிமீட்டர், 16 என்பது 16.8, 20 என்பது 15.6. ஒரு அவுன்ஸ் ரவை (தோட்டாவுக்குள் இருக்கிற சின்னச் சின்ன ஈயக் குண்டுகள்) 16-க்குள் அளவாக உட்காருகிறது, நீளவாக்கில் நெருங்குவதில்லை, அதனால் பரவல் ஒழுங்காக இருக்கும் என்பது இந்தக் கூட்டத்தின் வேதவாக்கு. நான் தாளில் சுட்டுப் பார்த்தேன். நாற்பது கஜத்தில் 30 அங்குல வட்டம் வரைந்து ஓட்டைகளைப் பென்சிலால் எண்ணும் அந்த வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செய்தேன், வீட்டில் சிரித்தார்கள். பரவல் நன்றாகத்தான் இருந்தது. நண்பரின் நல்ல 20 கேஜில் அதே ஒரு அவுன்ஸைச் சுட்டதும் நன்றாகத்தான் இருந்தது. வித்தியாசம் உண்டா என்றால் தாளில் கொஞ்சம் உண்டு, காட்டில் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஏன் இதற்கு இத்தனை கொண்டாட்டம்? தூக்குகிற விஷயத்தில் அவர்கள் சொல்வது உண்மை, ஆனால் எல்லா 16-க்கும் அல்ல. ஃபாக்ஸில் 16-ம் 20-ம் ஒரே சின்ன பாடியில் செய்தார்கள், அதனால் என்னுடையது 2.8 கிலோ. 16 கேஜ் அமெரிக்காவில் சரிந்ததற்கு ஒரு காரணமே 12 கேஜ் பாடியில் 16 குழலை மாட்டி விற்றதுதான். கனம் 12-ன் கனம், ரவை 16-ன் ரவை, இரண்டு பக்கமும் நஷ்டம். அதோடு ஸ்கீட் என்கிற, பறக்கும் களிமண் தட்டைச் சுடும் போட்டியில் 12, 20, 28, .410 என்று நான்கு பிரிவு வைத்தார்கள், 16-க்கு இடமே இல்லை. 1950-களில் மூன்று அங்குல 20 கேஜ் தோட்டா வந்து மிச்சத்தையும் முடித்துவைத்தது. ஆகவே யாராவது உங்களிடம் 16 விற்க வந்தால் முதலில் தராசில் வையுங்கள், கதையை அப்புறம் கேட்கலாம்.

இப்போது இரண்டு விசை. எனக்கு இந்தத் துப்பாக்கியில் மிகவும் பிடித்தது இதுதான், முதல் மாதம் மிகவும் வெறுத்ததும் இதுதான். முன் விசை வலது குழல், பின் விசை இடது குழல். வலது குழலின் வாய் கொஞ்சம் திறந்தது, கிட்டத்துப் பறவைக்கு. இடது இறுக்கம், தூரத்துக்கு. பம்ப் பழகிய கைக்கு விரல் தானாக அதே இடத்தையே தேடும். முதல் அக்டோபரில் ஒரு க்ரௌஸ் (நம் கவுதாரியைக் கொழுக்க வைத்து, வாலை விசிறி மாதிரி விரித்தால் வருகிற உருவம்) நாய் நின்ற இடத்திலிருந்து அல்ல, எனக்குப் பின்னால் இருந்து படபடவென்று கிளம்பியது. முதல் குண்டு ஒரு ஆஸ்பென் மரத்துக்குப் போனது, பட்டையில் வெள்ளையாகச் சிராய்ப்பு. இரண்டாவதுக்கு மறுபடி முன் விசையையே இழுக்கிறேன், இழுக்கிறேன், அது சும்மா ஆடுகிறது. பறவை அடுத்த கவுன்டிக்குப் போய்விட்டது. நாய் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

இரண்டாவது சீசனில் விரல் தானாகப் பின்னால் வழுக்கிப் போகக் கற்றுக்கொண்டது. நேரான இங்கிலீஷ் கைப்பிடி இருக்கிற துப்பாக்கியில் கையே கொஞ்சம் பின்னால் நகரும், அது சுலபம் என்பார்கள். என்னுடையதில் பிஸ்டல் மாதிரி வளைந்த பிடி, அதிலும் பழகிவிட்டது. தூரத்தில் நேராகப் போகிற பறவைக்கு யோசிக்காமல் முதலிலேயே பின் விசை. ஒற்றை விசைத் துப்பாக்கியில் இதற்கென்று ஒரு பித்தான் வைத்திருப்பார்கள், அதைத் தள்ளி மாற்றுகிற நேரத்தில் க்ரௌஸ் மரத்துக்குப் பின்னால் போய்ச் சேர்ந்திருக்கும். அந்த ஒரு விஷயத்துக்காகவே அக்கம்பக்கமாக இரண்டு குழல் உள்ள துப்பாக்கி வைத்திருக்கிறவர்களின் பெருமையை மன்னித்துவிடலாம்.

உள் வேலைப்பாடும் சொல்ல வேண்டும். ஃபாக்ஸின் பூட்டுக்குள் உறுப்புகள் மிகக் குறைவு. சுத்தியலும் ஊசியும் ஒரே துண்டு, தகட்டு வில்லுக்குப் பதில் சுருள் வில். குழலைப் பூட்டுகிற தாழ் சுழல்கிற மாதிரி, தேயத் தேய இன்னும் கொஞ்சம் உள்ளே திரும்பி இறுகிக்கொள்ளும். அதனால் மேல் நெம்புகோல் எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே துப்பாக்கியின் வயசு தெரிந்துவிடும். மூடியபின் நடுக்கோட்டுக்கு வலது பக்கம் நின்றால் இன்னும் தேய இடம் இருக்கிறது, இடது பக்கம் தாண்டிவிட்டால் யோசியுங்கள். என்னுடையது வலது பக்கம்தான் நிற்கிறது. தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப் போனதும் ஒரு ஃபாக்ஸ்தான், 12 கேஜ், ஆனால் அது உயர்ந்த ரகம், 2010-ல் ஏலத்தில் 8,62,500 டாலருக்குப் போனது. இதைச் சொல்லித்தான் சில கடைக்காரர்கள் ஸ்டெர்லிங்வொர்த்துக்கு விலை ஏற்றுகிறார்கள், மயங்க வேண்டாம். அம்பானி வீட்டு காருக்கும் என் காருக்கும் ஒரே கம்பெனி டயர் என்கிற மாதிரி.

கடை என்றதும் நினைவுக்கு வருகிறது. நான் வாங்கிய கடையின் பேரைச் சொல்லப்போவதில்லை. "2¾ அங்குலத் தோட்டா தாராளமாகப் போடலாம்" என்று சத்தியம் பண்ணி விற்றார்கள். எனக்குச் சந்தேகம், ஏனென்றால் அந்தக் காலத்து அமெரிக்க 16 கேஜ்களில் பாதிக்கு மேல் 2 9/16 அங்குலத் தோட்டாவுக்குக் குடைந்தவை என்று படித்திருந்தேன். ஊருக்கு வெளியே இருக்கும் வயதான கன்ஸ்மித் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) ஒருவரிடம் கொடுத்தேன், அளவுகோலை உள்ளே விட்டார், உதட்டைப் பிதுக்கினார், அவ்வளவுதான், சேம்பர், அதாவது தோட்டா உட்காருகிற குடைவு, குட்டை. இதில் என்ன வஞ்சகம் என்றால் நீளத் தோட்டா அதில் சுகமாக உள்ளே போய்விடும், மூடவும் மூடும், ஏனென்றால் மடித்த வாய் வெடித்த பிறகுதான் விரிகிறது. விரிய இடம் இல்லாமல் குழலின் குறுகலில் போய் முட்டும், அழுத்தம் ஏறும், தோளும், தோளில் பதிகிற மரக்கட்டையும் அடி வாங்கும். ஆகவே நான் போடுவது 65 மில்லிமீட்டர் ஐரோப்பியத் தோட்டா, அழுத்தம் குறைந்தது, முக்கால் முதல் ஒரு அவுன்ஸ் வரை ரவை. குடைந்து நீளமாக்கலாம் என்றும் கன்ஸ்மித் சொன்னார், நூறு வருஷத்து இரும்பைச் சுரண்ட எனக்கு மனசில்லை. முறுக்குக் குழல், அதாவது டமாஸ்கஸ் குழல் உள்ள பழையது என்றால் அதை இன்றைய தோட்டாவோடு நினைத்தே பார்க்காதீர்கள்.

தோட்டா கிடைப்பதுதான் 16-ன் நிரந்தரத் தலைவலி. பெரிய கடைகளில் 12 சுவர் முழுக்க இருக்கும், 20 அரைச் சுவர், 16 கீழ்த் தட்டில் ஊதா நிறத்தில் இரண்டு பெட்டி, அதுவும் அக்டோபரில் காலி. நான் ஜூலையிலேயே வாங்கி வைத்துவிடுகிறேன். ஊதா நிறத்துக்கு ஒரு நல்ல நோக்கம் உண்டு, 20 கேஜ் மஞ்சளாக இருப்பதற்கும்தான். 12 கேஜ் குழலுக்குள் தவறி ஒரு 20 விழுந்தால் அது வழுக்கிப் போய் முன்னால் அடைத்துக்கொள்ளும், பின்னால் ஒரு 12 போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், கை போகும். வீட்டில் இரண்டு கேஜ் வைத்திருப்பவர்கள் ஒரே சட்டைப்பையில் இரண்டையும் போடவே கூடாது.

வாத்து வேட்டைக்கு இதை எடுத்துப் போக முடியுமா என்று ஒருவர் கேட்டார். 1991-லிருந்து அமெரிக்கா முழுக்க வாத்துக்கு ஈய ரவை கிடையாது. எஃகு ரவை பழைய மென்மையான குழலைக் கீறிவிடும், இறுக்கமான வாயை வீங்க வைக்கும். பிஸ்மத் என்கிற மென்மையான உலோக ரவை போடலாம், ஒரு தோட்டாவுக்கு ஒரு நல்ல காபியின் விலை. நான் போடுவதில்லை, வாத்துக்கு அந்தப் பழைய பம்ப் போதும்.

குறை என்று ஒன்று உண்டென்றால் கட்டையின் சரிவு. அந்தக் காலத்து அமெரிக்கத் துப்பாக்கிகள் பெரும்பாலும் இப்படித்தான், கட்டை தோள் பக்கம் நன்றாகக் கீழே இறங்கியிருக்கும், தலையை நிமிர்த்தி வைத்துச் சுட்டவர்கள் போல. நான் கன்னத்தை அழுத்தி வைத்தால் கண்ணுக்கு முன்னால் பூட்டின் முதுகுதான் தெரிகிறது, கன்னத்தைத் தூக்கினால் பிடிமானம் போகிறது. தற்காலிகமாகத் தோல் பட்டை ஒன்றைக் கட்டையில் சுற்றிக் கட்டியிருக்கிறேன். பார்க்க அடிபட்ட கைக்குப் போட்ட கட்டு மாதிரி இருக்கும், ஆனால் அதற்குப் பிறகுதான் வுட்காக் என்கிற நீள மூக்குக் காட்டுப் பறவை விழ ஆரம்பித்தது. உண்மையைச் சொன்னால் கேஜை விட இது பத்து மடங்கு முக்கியம். உடம்புக்குப் பொருந்துகிற 20, பொருந்தாத 16-ஐ எந்த நாளும் ஜெயிக்கும், 16 பக்தர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

வாங்க நினைப்பவர்களுக்கு: கடையில் முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலைப் பாடியோடு பூட்டி ஆட்டிப் பாருங்கள், ஆடினால் வேண்டாம். குழலைத் தனியாகக் கொக்கியில் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டுங்கள், மணி மாதிரி ஒலித்தால் நடுப்பட்டை ஒட்டியிருக்கிறது, சளி பிடித்த மாதிரி இருந்தால் ஈயப் பற்று விட்டிருக்கிறது. ஸ்டெர்லிங்வொர்த் 16 என்றால் சீரியல் எண் 3,50,000-லிருந்து தொடங்கும், அது பொருந்தவில்லை என்றால் குழல் மாறியிருக்கலாம், கேள்வி கேளுங்கள். பழசே வேண்டாம் என்றால் ஸ்பெயினில் ஐபார் ஊர் ஆயா கம்பெனி இன்னும் நல்ல 16 செய்கிறது, விலை மட்டும் கையைக் கடிக்கும். ஜெர்மனியின் சூல் ஊர்த் துப்பாக்கிகள், இரண்டாம் உலகப் போர் முடிந்து சிப்பாய்கள் மூட்டையில் கொண்டுவந்தவை, இன்னும் பழைய பொருள் சந்தைகளில் தென்படும், அங்கே 16 என்பது சாதாரண அளவு. அவற்றிலும் சேம்பரை அளந்துவிட்டு வாங்குங்கள்.

இங்கே விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது பொதுச் சட்டம், மாநிலம் கொடுத்த வேட்டை லைசென்ஸ் செல்லுபடியாகக் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சி வகுப்புச் சான்றிதழும் வேண்டும். நான் க்ரீன் கார்டு வந்த பிறகுதான் வாங்கினேன், வகுப்பில் என்னைத் தவிர எல்லாருக்கும் பன்னிரண்டு வயது.

மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு. அந்த ஒன்று கட்டைச் சரிவுக்கும் தோட்டா தேடலுக்கும் சேர்த்துக் குறைத்தது. வெயில் காலத்தில் கட்டையைச் சூடுபடுத்தி வளைத்துச் சரிவைக் குறைக்க முடியும் என்று அதே கன்ஸ்மித் சொன்னார், அடுத்த மாதம் கொடுக்கிறேன். நூறு வருஷத்து வால்நட், விரிசல் விட்டால் நான் பொறுப்பில்லை என்று ஒரு தாளில் எழுதி என் முன்னால் நகர்த்தினார். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.