காயக்கட்டு பில்: ஒரே வரியா, பிரித்தெழுதியதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் கிளினிக் முகப்பில் உட்கார்ந்து பில் எழுதுகிறவர்களுக்கு, சர்க்கரை நோயில் ஆறாமல் இழுக்கும் கால் புண் அன்றாடக் காட்சி. அதற்கு பில் எழுத இரண்டு வழி உண்டு. ‘டிரெஸ்ஸிங்’ என்று ஒரே வரியில் தொகையைப் போட்டுவிடுவது ஒன்று. கட்டின் வகை, அளவு, எண்ணிக்கை, காயத்தின் காரணம் எனப் பிரித்து எழுதுவது மற்றொன்று. நான் இரண்டாவதன் பக்கம்.

ஒரு வரி பில்லுக்கும் நியாயம் இருக்கிறது. வேலை சட்டென்று முடியும். வயதானவர்கள் ‘மொத்தம் எவ்வளவும்மா?’ என்றுதான் கேட்பார்கள். ஆனால் அந்த வரி மறைப்பது நிறைய. சாதாரணத் துணிக்கட்டைத் தினமும் மாற்ற வேண்டியிருக்கும். பஞ்சுபோல மெத்தென்ற ஃபோம் கட்டு கசிவை உறிஞ்சிக்கொண்டு சில நாள் தாங்கும். துணிக்கட்டுக்கு ஒரு தடவைக்கு 20 ரிங்கிட், ஃபோமுக்கு 45 என்று வைத்துக்கொள்வோம். துணிக்கட்டு மலிவாகத் தெரியும். வாரக் கணக்கு போட்டால் ஏழு துணிக்கட்டு 140, மூன்று ஃபோம் 135. தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் கூட்டி வரும் மகனின் அரைநாள் சம்பளம் தனி. ஒரு வரி பில்லை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை எந்தக் குடும்பம் போட முடியும்?

பிரித்தெழுதுவதில், முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் முறை மிகக் கறாரானது. அங்கே பொருளுக்கும் அளவுக்கும் தனித்தனிக் குறியீடு. ஒட்டும் விளிம்பில்லாத ஃபோம் 16 சதுர அங்குலத்துக்குள் இருந்தால் ஏ6209. அதைத் தாண்டி 48 வரை ஏ6210. நம் கிளினிக்குகளிலும் புழங்கும் 10-க்கு 10 சென்டிமீட்டர் கட்டு 15.5 சதுர அங்குலம். முதல் குறியீட்டில் மயிரிழையில் அடங்கிவிடுகிறது. கடற்பாசியிலிருந்து செய்யும் ஆல்ஜினேட் கட்டுக்கு வேறு வரிசை, ஏ6196 முதல். ஃபோமை வாரம் மூன்று முறை வரை, ஆல்ஜினேட்டைத் தினம் ஒரு முறை வரை மாற்றுவதே அங்கே வழக்கமான வரம்பு. புண்ணின் நீளம், அகலம், ஆழம், கசிவு ஆகியவற்றை மாதந்தோறும் குறித்தும் வைக்க வேண்டும்.

அந்த எண்கள் நமக்குத் தேவையில்லை. அந்த ஒழுங்கு தேவை. கட்டின் உறையிலேயே வகையும் அளவும் அச்சிட்டிருக்கும். கிழித்த உறையைக் குப்பையில் போடாமல் நோயாளியின் அட்டையோடு சேர்த்துவைத்தால் பில் எழுதுகிறவர் ஊகிக்க வேண்டியதில்லை. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகள் விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற உத்தரவு மருந்துக்கானது. கட்டின் விலையை நோயாளி பார்க்க பில்லை விட்டால் வேறு இடமில்லை.

வேலையில் காயம்பட்டவர்களுக்கு உதவும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ என்று வந்தால் இரண்டு வழிக்கும் உள்ள தூரம் இன்னும் கூடுகிறது. செம்பனைக் குலை வெட்டுகிறவர் காலில் முள் ஏறுகிறது, அவருக்குச் சர்க்கரையும் இருக்கிறது, புண் ஆறவில்லை. ‘சர்க்கரைப் புண்’ என்று மட்டும் எழுதினால் நோய்க் குறியீடு இ11 (சர்க்கரை நோய்), எல்97 (கால் புண்) என்று போகும். வேலையில் பட்ட காயம் என்பதே தாளில் இருக்காது. பாதத்தின் திறந்த காயத்துக்கு எஸ்91 உண்டு. நடந்தது இரண்டும் என்றால் இரண்டையும் எழுத வேண்டும், காயம்பட்ட தேதியோடு. விபத்தை 48 மணி நேரத்துக்குள் முதலாளி தெரிவிக்க வேண்டும் என்பது விதி. முதல் நாள் பில்லில் ‘டிரெஸ்ஸிங்’ என்ற ஒரு சொல் மட்டும் இருந்தால் அந்தத் தொழிலாளி எதைக் காட்டி வாதாடுவார்? நியாயமாக வர வேண்டிய உதவி ஒரு வரிச் சோம்பலில் நின்றுபோவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான். அங்கே பில் பிரச்சினையே எழாது. நேரமும் போக்குவரத்தும் ஒத்துவந்தால் அங்கே போவதே நல்லது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கட்டணம் வேறு.

கத்தி லேசாகக் கீறி, ஒரே தடவை துணி சுற்றி அனுப்பும் காயத்துக்கு ஒரு வரி போதும். இரண்டாம் முறை கட்டு மாற்ற வரச் சொல்கிற புண் எதுவானாலும் முதல் நாளிலிருந்தே பிரித்து எழுதுங்கள்.