இத்தாலேரி 1/24 வால்வோ லாரி கிட்: தாராளமாக வாங்கலாம்

பெரிய லாரி மாடல் கட்ட ஆசைப்படுபவர்கள் இத்தாலேரி என்ற இத்தாலிய நிறுவனத்தின் 1/24 அளவு (அசலில் 24-இல் ஒரு பங்கு) வால்வோ எஃப்எச் பிளாஸ்டிக் கிட்டைத் தயங்காமல் வாங்கலாம். பசை, பெயின்ட் தனிச் செலவு. சேஸிஸில், அதாவது லாரியின் அடிச்சட்டத்தில்தான் பொறுமை வேண்டும். நீளச் சட்டமும் குறுக்குச் சட்டமும் நேராக உட்காராவிட்டால் கடைசியில் ஒரு சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கிக்கொண்டு நிற்கும், அப்புறம் சரிசெய்வது பெரும்பாடு, அதனால் கண்ணாடிப் பலகை மேல் வைத்து ஒட்டி ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள். வெள்ளி மாதிரி மின்னும் குரோம் பூச்சுப் பாகங்களில் ஒட்டுமிடத்தைச் சுரண்டாமல் பசை பிடிக்காது. நம்ம ராயபுரம் ஈரக்காற்றில், அதுவும் மழை நாளில், லேக்கர் (சீக்கிரம் காயும் பெயின்ட்) ஸ்ப்ரே அடித்தால் வெள்ளை பூத்துவிடும். மாடலில் நிஜ லாரி மாதிரி அழுக்கைப் பெயின்டில் காட்ட, அது எங்கே படியும் என்று பார்க்க எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர்களே போதும்: டிரெய்லரைப் பூட்டும் தட்டில் கன்னங்கரேலென்று கிரீஸ், மட்கார்டில் அப்பிய புழுதி. அதைப் பார்த்துத்தான் பெயின்ட் அடித்தேன், அசலாகவே வந்திருக்கிறது.