ஒரே கேம், பல தீர்ப்பு: எந்த மதிப்பெண்ணை நம்பி டிஸ்க் வாங்குவது?

பிளேஸ்டேஷன் 5-க்குப் புதிதாக வரும் பெரிய கேம் ஒன்றின் விலை இங்கே ஏறத்தாழ 5,000 ரூபாய். பல வீடுகளில் அது பாதி மாதத்து மளிகைக் காசு. பிடிக்கவில்லை என்றால் செகண்ட் ஹேண்டில் தள்ளிவிடலாம், ஆனால் போட்ட பணம் முழுசாகத் திரும்பாது. டிஜிட்டலாக வாங்கியிருந்தால் அந்த வழியும் அடைப்பு. அதனால் வாங்குவதற்கு முன் எல்லோரும் மதிப்பெண் பார்க்கிறோம். எங்கே போய்ப் பார்ப்பது என்பதுதான் கேள்வி. மதிப்பெண்களைத் திரட்டித் தரும் தளங்களான மெட்டாகிரிட்டிக்கா, ஓப்பன்கிரிட்டிக்கா, ஜப்பானிய இதழ் ஃபாமிட்சுவா, பிரிட்டனின் எட்ஜ் பத்திரிகையா, விமர்சனத் தளமான ஐஜிஎன்னா? ஒன்றுக்கொன்று மாற்று என்பதுபோலத்தான் இவற்றை எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் இவை ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன.

ஒரு கேமை எடுத்துப் பார்க்கலாம். 2019 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4-க்கு ஜப்பானிய கேம் இயக்குநர் ஹிடியோ கொஜிமாவின் டெத் ஸ்ட்ராண்டிங் வந்தது. பெட்டிகளைச் சுமந்து நடந்துபோய் ஊர் ஊராகச் சேர்க்கும் கேம். ஃபாமிட்சு 40-க்கு 40 போட்டது. ஐஜிஎன் ஆங்கிலத்தில் 10-க்கு 6.8 கொடுத்தது. அதே ஐஜிஎன்னின் ஜப்பான் பதிப்பு 9.5 கொடுத்தது. மெட்டாகிரிட்டிக் பல விமர்சகர்களின் மதிப்பெண்களைக் கூட்டி வகுத்து 82 என்றது.

82 என்று பார்த்தால் என்ன தோன்றும்? நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பெரிதாக அசத்தாது என்று தோன்றும். அந்தக் கேமை விளையாடியவர்களில் அப்படி நடுவில் நின்று பேசிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஒன்று, ஐந்தாறு மணி நேரத்தில் சலித்து எடுத்து வைத்தவர்கள். இல்லை, மாதக்கணக்கில் அதையே நினைத்துக்கொண்டிருந்தவர்கள். நான் இரண்டாவது வகை. முதுகில் ஆளுயரத்துக்குப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு, சாயும்போதெல்லாம் கன்ட்ரோலரின் இரண்டு பக்க டிரிக்கரையும் அழுத்திப் பிடித்து நிதானித்து, ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தேன். இறங்கினால் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விடும். சுற்றிப் போகப் பொறுமை இல்லை. கொஞ்சம் தள்ளி ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்கு ஏணி ஒன்று கிடந்தது. உலகத்தில் எங்கோ இருக்கும் வேறொரு ஆட்டக்காரர் தன் வேலைக்குப் போட்டுவிட்டுப் போனது. அதில் நடந்து அக்கரை சேர்ந்தபோது வந்த நன்றியுணர்ச்சியை வேறு எந்த கேமும் எனக்குத் தந்ததில்லை. 6.8 கொடுத்தவரும் இதே ஆற்றைக் கடந்தவர்தான், அவருக்கு அது அலுப்பாக இருந்திருக்கிறது. இரண்டுமே நேர்மையான அனுபவம். இரண்டையும் கூட்டி வகுத்த 82 மட்டும்தான் யாருடைய அனுபவமும் இல்லை.

அதனால் ஒரே ஒரு அளவுகோலை வைத்து இவற்றை ஒப்பிடப் போகிறேன்: விமர்சகர்களுக்கு இடையிலான கருத்து வேறுபாட்டை எது மறைக்கிறது, எது நம் கண்ணுக்குக் காட்டுகிறது?

மெட்டாகிரிட்டிக், ஓப்பன்கிரிட்டிக்

மெட்டாகிரிட்டிக் 2001-இல் தொடங்கியது. பத்திரிகைகளும் தளங்களும் தரும் மதிப்பெண்களை நூற்றுக்கு மாற்றிச் சராசரி போடுகிறது. கேமுக்கு 75-இல் பச்சை தொடங்கும், 50 முதல் 74 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. சினிமாவுக்கோ 61-லேயே பச்சை விழுந்துவிடும்.

இதில் எனக்கு இரண்டு மனக்குறை. முதலாவது, எல்லாப் பத்திரிகைக்கும் ஒரே எடை கிடையாது. யாருக்கு எவ்வளவு எடை என்று அவர்கள் வெளியில் சொல்வதும் இல்லை. இரண்டாவது, மாற்றும் முறை. எழுத்தில் கிரேடு போடும் விமர்சகர் பி மைனஸ் கொடுத்தால் அது 67 ஆகிறது. எழுதியவர் மனதில் 'பரவாயில்லை, விளையாடலாம்' என்று இருந்திருக்கும். பட்டியலில் அது மஞ்சளாக நிற்கும்.

இந்த எண் வாசகரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 2010-இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகாஸ் கேமை உருவாக்கிய ஆப்சிடியன் நிறுவனத்துக்கு, மெட்டாகிரிட்டிக்கில் 85 எடுத்தால் போனஸ் என்று பதிப்பாளரோடு ஒப்பந்தம். கிடைத்தது 84. அங்கே பணிபுரிந்த கிறிஸ் அவெல்லோன் 2012-இல் இதை வெளியே சொன்னபோதுதான் பலருக்கும் தெரிந்தது. எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு எடை என்றே தெரியாத ஒரு கணக்கில், ஒரே ஒரு புள்ளிக்கு, வேலை பார்த்தவர்கள் கைக்கு வரவேண்டிய பணம் வராமல் போனது. இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

ஓப்பன்கிரிட்டிக் 2015-இல் வந்தது. எடை போடும் வேலையே இல்லை, கணக்கில் எடுக்கும் விமர்சகர்களுக்கு எல்லாம் சமமான இடம், எளிய சராசரி. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு எண்ணும் இருக்கும்: விமர்சகர்களில் எத்தனை சதவீதம் பேர் இதைப் பரிந்துரைக்கிறார்கள் என்பது. இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். சராசரி நன்றாக இருந்து, பரிந்துரைப்பவர்கள் மட்டும் குறைவாக இருந்தால் சண்டை நடக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட கேமுக்கு நான்கு விமர்சனமாவது திறந்து படிக்காமல் பணம் கட்டக் கூடாது. வெளிப்படைத்தன்மையில் ஓப்பன்கிரிட்டிக் தெளிவாக முந்துகிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் மெட்டாகிரிட்டிக்குக்குத்தான் என் ஓட்டு, அது சின்ன விஷயமும் இல்லை. மெட்டாகிரிட்டிக் ஒவ்வொரு கன்சோலுக்கும் தனித்தனியாக மதிப்பெண் வைத்திருக்கிறது. ஓப்பன்கிரிட்டிக் ஒரு கேமுக்கு ஒரே மதிப்பெண் தருகிறது. இதன் விலை என்ன என்பதை 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 காட்டிக்கொடுத்தது. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்கள் கைக்குப் போனது பிசி பதிப்பு மட்டும்தான். விமர்சன வீடியோவில்கூட முதலில் நிறுவனம் கொடுத்த காட்சிகளைத்தான் பயன்படுத்தலாம் என்று கட்டுப்பாடு. அந்த விமர்சனங்களைப் பார்த்து மற்றவர்கள் பிளேஸ்டேஷன் 4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் முன்பதிவு செய்தார்கள். கேம் வந்த பிறகுதான் பழைய கன்சோல்களில் அது திணறுவது தெரிந்தது. மெட்டாகிரிட்டிக்கில் பிசிக்கு 86, பிளேஸ்டேஷன் 4-க்கு 57. ஒரே பெயர், ஒரே அட்டைப்படம், இடையில் 29 புள்ளி. ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் டிஜிட்டல் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. திரும்ப வந்தது 2021 ஜூனில். ஓப்பன்கிரிட்டிக் தன் பக்கத்தில் எச்சரிக்கை போட்டது. நல்ல காரியம்தான், ஆனால் அந்தத் தகவல் அவர்களுடைய எண்ணுக்குள் இல்லாததால்தான் தனியாக எச்சரிக்கை தேவைப்பட்டது.

ஆகவே விமர்சனத்தைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது மதிப்பெண்ணை அல்ல. 'எந்த கன்சோலில் விளையாடினோம்' என்ற வரியைத்தான். அந்த வரி என் வீட்டில் இருக்கும் பெட்டியோடு ஒத்துப்போகவில்லை என்றால், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் அது வேறொருவருக்கான விமர்சனம்.

மெட்டாகிரிட்டிக்கில் யார் வேண்டுமானாலும் போடும் வாசகர் மதிப்பெண் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2020 ஜூனில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2-க்கு விமர்சகர்கள் 93 கொடுத்திருக்க, கேமை முடித்திருக்கவே நேரம் இல்லாத முதல் நாளிலேயே பூஜ்ஜியங்கள் குவிந்தன. அதற்குப் பிறகு, கேம் வெளியாகி 36 மணி நேரம் ஆகும் வரை வாசகர் கருத்துப் போட முடியாது என்று மெட்டாகிரிட்டிக் விதியை மாற்றியது. வெளிவந்து ஒரு வருடம் ஆன கேமுக்கு வேண்டுமானால் பார்க்கலாம். முதல் வாரத்தில் வேண்டாம்.

ஃபாமிட்சுவின் நான்கு நாற்காலி

1986-இல் தொடங்கிய ஜப்பானிய இதழ் இது. இதன் முறை எளிமையானது: ஒரு கேமை நான்கு பேர் விளையாடுவார்கள், ஒவ்வொருவரும் பத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டுச் சில வரிகள் எழுதுவார்கள், நான்கையும் கூட்டினால் 40-க்கு ஒரு எண். கூட்டுத்தொகையை விட்டுவிடுங்கள். நான்கும் தனித்தனியாக அச்சாகிறதே, அதைப் பாருங்கள். 9, 9, 9, 5 என்று வந்தால் அந்த ஐந்து போட்டவர் என்ன எழுதியிருக்கிறார் என்று கண் தானாகப் போகும். கருத்து வேறுபாட்டை ஒரே பார்வையில் காட்டும் வேறு வடிவம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஃபாமிட்சுவின் கண்டிப்பும் ஒரு காலத்தில் பெயர்போனது. தொடங்கி 12 வருடம் எந்த கேமுக்கும் முழு 40 கிடைக்கவில்லை. 1998-இல் தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஒகாரினா ஆஃப் டைம்தான் முதன்முதலாக வாங்கியது. மெட்டாகிரிட்டிக்கில் இன்றும் 99-உடன் உச்சியில் நிற்பதும் அதே கேம்தான். ஆனால் அடுத்த 20 வருடங்களில் இருபதுக்கும் மேற்பட்ட கேம்கள் 40-ஐத் தொட்டுவிட்டன. கை தளர்ந்துவிட்டது என்பதை மறைப்பதற்கில்லை. இன்றைக்கு ஃபாமிட்சுவில் 36 என்றால் உற்சாகப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை.

ஆனாலும் ஒரு சம்பவத்துக்காக அந்த இதழ் மேல் எனக்கு மரியாதை உண்டு. 2009-இல் பேயொனெட்டா வந்தபோது எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்புக்கு 40, பிளேஸ்டேஷன் 3 பதிப்புக்கு 38 என்று பிரித்துப் போட்டார்கள். பிளேஸ்டேஷன் பதிப்பு வேறு குழு மாற்றியமைத்தது, ஓட்டத்தில் தடங்கல் தெரியும். சோனியின் சொந்த ஊரில் இருந்துகொண்டு, 'இந்த கேமை அந்தப் பெட்டியில் விளையாடுங்கள்' என்று சொல்லியிருக்கிறார்கள். சைபர்பங்க் வாங்கி ஏமாந்தவர்களுக்குத் தேவைப்பட்டது இந்த ஒரு வரிதான்.

ஒற்றைக் குரல்கள்

எட்ஜ் 1993-இல் தொடங்கிய பிரிட்டிஷ் பத்திரிகை. விமர்சனத்தின் கீழே எழுதியவர் பெயர் இருக்காது, பத்திரிகையே பேசும். பத்துக்குப் பத்து வாங்கிய முதல் கேம் சூப்பர் மாரியோ 64. பத்து அபூர்வம், ஏழு என்றால் நிஜமாகவே நல்ல கேம். இந்த ஏழு எனக்குப் பிடிக்கும். மற்ற இடங்களில் ஏழு என்பது தோல்விக்கு மரியாதையான பெயராகிவிட்டது. அளவுகோலில் பத்து படி வைத்துவிட்டு மேலே இருக்கும் மூன்று படியில் மட்டும் நடமாடினால், கீழே உள்ளவை எதற்கு?

ஐஜிஎன் வேகமானது, கிட்டத்தட்ட எல்லா கேமையும் தொடும். ஆனால் அது ஒற்றைக் குரல் அல்ல, ஒரே பலகைக்குக் கீழே நிற்கும் பல குரல்கள். 2006-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த காட் ஹேண்டுக்கு அங்கே கிடைத்தது 3. சண்டை விளையாட்டுப் பிரியர்கள் இன்றைக்கும் அந்த கேமைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். 'ஐஜிஎன் 3 கொடுத்தது' என்பது தவறான வாக்கியம். அங்கே எழுதிய ஒருவர் 3 கொடுத்தார், அவ்வளவுதான்.

பிரிட்டிஷ் விமர்சனத் தளமான யூரோகேமர் 2015-இல் மதிப்பெண்ணையே தூக்கிவிட்டு 'பரிந்துரைக்கிறோம்', 'அவசியம்', 'தவிர்க்கவும்' என்று மூன்று முத்திரை வைத்தது. மெட்டாகிரிட்டிக் பட்டியலிலிருந்தும் விலகியது. 2023-இல் ஐந்து நட்சத்திரத்துக்குத் திரும்பிவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான். இந்த மூன்றில் எந்த முத்திரையும் விழாத விமர்சனங்களை அந்த எட்டு வருடமும் நான் கடைசி வரி வரை படித்தேன். இப்போது என் கண்ணும் முதலில் நட்சத்திரத்துக்குத்தான் ஓடுகிறது.

மதிப்பெண்ணே போடாமல் பெரிய உபகாரம் செய்வது டிஜிட்டல் ஃபவுண்ட்ரி. எந்த கன்சோலில் நொடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) ஓடுகிறது, எங்கே தடுமாறுகிறது, எந்த மோடில் வைத்தால் சீராக ஓடும் என்று அளந்து காட்டுவார்கள். கதை நன்றாக இருக்கிறதா என்று அவர்களிடம் கேட்கக் கூடாது. ஓடுமா என்று கேட்கலாம்.

இப்போது நான் செய்வது இதுதான். ஓப்பன்கிரிட்டிக்கில் பரிந்துரை சதவீதத்தைப் பார்ப்பேன். அப்புறம் மெட்டாகிரிட்டிக்கில் என் கன்சோலுக்கான பக்கத்தைத் திறந்து, மேலே இருக்கும் ஒரு விமர்சனத்தையும் கீழே இருக்கும் ஒன்றையும் படிப்பேன். குறை சொன்னவர் சொன்ன குறை எனக்குக் குறையாகவே படவில்லை என்றால் வாங்கிவிடுவேன். டெத் ஸ்ட்ராண்டிங்கை அப்படித்தான் வாங்கினேன். 'நடந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது' என்ற புகார்தான் என்னை இழுத்தது. எட்ஜில் அந்த கேம் பற்றி வந்திருந்தால் அதை முடித்த பிறகு படிப்பேன். அது துணைக்கு உட்கார்ந்து பேசும் எழுத்து.

இந்த வழிமுறை எதற்குமே வேலை இல்லாமல் போனது வெண்பா விஷயத்தில். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட சின்ன கேம். கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன சமையல் குறிப்புப் புத்தகம், எழுத்து அழிந்த இடங்களை நாமே ஊகித்துச் சமைக்க வேண்டும். சராசரி 80-ஐ ஒட்டி இருந்தது. அடுத்த வருடம் அறிமுகப் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதும் வாங்கியது. விமர்சகர்கள் பலர் சொன்ன ஒரே குறை, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்பது. காசு போட்டு வாங்குகிறவருக்கு அது நியாயமான தகவல்தான்.

நான் அதை டிவியில் போட்டபோது அம்மா பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இட்லித் தட்டுகளை அடுக்கும் இடத்தில் நான் விழித்துக்கொண்டிருக்க, அவர் தலையை நிமிர்த்தி, "குழிக்கு மேலே குழி வராம தட்டைத் திருப்பி வைடா" என்றார். அதற்குப் பிறகு வெங்காயம் அப்படியே கிடந்தது. கடைசியில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும், "அவ்வளவுதானா?" என்று கேட்டார், அந்த விமர்சகர்களைப் போலவே. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, அந்த இட்லி வர்ற இடத்தை இன்னொரு தடவை போடு" என்றார்.