பாம்புக்கு ரேக்: ஏழு வருடம் பயன்படுத்திய பிறகு

பாம்புகளை வைக்க முதல் ரேக்கை வாங்கும்போது நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: எத்தனை டப், அதாவது பாம்பு இருக்கும் பிளாஸ்டிக் பெட்டி, அடங்கும்? ஆறு அடங்கியது, வாங்கிவிட்டேன். இப்போது என்னைக் கேட்டால், அந்தக் கணக்கைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். முதலில் பார்க்க வேண்டியது டப்பின் விளிம்புக்கும் மேல்தட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கு. அடுத்து, சூடு கட்டுமீறினால் அதைத் தடுக்க என்ன இருக்கிறது என்பது. அதற்கும் அடுத்து, இன்று அந்த டப்பில் போடும் பாம்பு வளர்ந்ததும் எங்கே போகும் என்பது. இந்த மூன்றையும் நான் வாங்கிய மூன்று ரேக்குகள்தான் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தன.

என்னிடம் இருப்பவை கார்ன் ஸ்னேக்குகளும், பந்துபோல் (ball) சுருண்டுகொள்ளும் பால் பைதான்களும். இரண்டும் விஷமில்லாத பாம்புகள். எல்லாமே வளர்ப்பில் பிறந்தவை. ரேக்கைப் பார்த்திராதவர்களுக்கு: அது ஒரு அலமாரி. ஒவ்வொரு தட்டிலும் பிளாஸ்டிக் டப் ஒன்று மேசை இழுப்பறை மாதிரி உள்ளே போய் வெளியே வரும். பெரும்பாலான ரேக்குகளில் டப்புக்குத் தனி மூடி கிடையாது. மேலே இருக்கும் தட்டுதான் மூடி. பின்பக்கமாக, டப்பின் அடியிலோ முதுகிலோ ஹீட் டேப், அதாவது மின்சாரத்தில் சூடாகும் பட்டை, ஓடும். பாம்புக்குச் சூடு வேண்டுமென்றால் பின்னால் போகும், வேண்டாமென்றால் முன்னால் வரும்.

என் முதல் ரேக் மெலமைன் பூசிய மரத்தூள் பலகையில் செய்தது. பார்க்க அழகாக இருந்தது, தூக்கத்தான் இரண்டு பேர் வேண்டும். ஒரு வருடம் ஒரு குறையும் தெரியவில்லை. தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தால் துடைத்துவிடுவேன், அவ்வளவுதான். ஆனால் பூச்சு இல்லாத வெட்டு விளிம்பு வழியாக ஈரம் உள்ளே இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டாம் வருடம் நடுத்தட்டின் முன் விளிம்பை விரலால் தடவியபோது ஊறிப்போன பிஸ்கட் மாதிரி உப்பியிருந்தது. ஒரு பக்கம் உப்பல், நடுவில் தொய்வு. அதனால் கீழே இருந்த டப் ஒரு மூலையில் இறுகியது, மறுமூலையில் இடுக்கு அகன்றது.

அந்த அகன்ற மூலை வழியாகத்தான் கார்ன் ஸ்னேக் குஞ்சு ஒன்று போனது. பென்சில் பருமன்கூட இல்லை. பாம்புக்குத் தலை நுழைந்தால் போதும், உடம்பு பின்னாலேயே வந்துவிடும். காலையில் டப்பை இழுத்தால் தரையில் பரப்பியிருந்த தேங்காய்நார்த் தூளில் அது நெளிந்து போன தடம் மட்டும் இருக்கிறது. எட்டு நாள் தேடினேன். ஒவ்வொரு இரவும் சுவரோரமாக மாவைத் தூவி வைத்து, காலையில் டார்ச்சுடன் தரையில் படுத்துத் தடம் பார்ப்பேன். ஒன்பதாம் நாள் அது இருந்த இடம் அதே ரேக்கின் அடிப்பலகைக்கும் சுவருக்கும் நடுவே, ஹீட் டேப்பின் ஒயர் இறங்கும் கதகதப்பான மூலை. உயிரோடு கிடைத்தது. அதைக் கையில் எடுத்தபோது எனக்குக் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து எந்த ரேக்கைப் பார்த்தாலும் ஒரு சோதனை செய்கிறேன். வங்கி அட்டை ஒன்றின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். மூன்று அட்டைகளைச் சேர்த்துப் பிடித்து டப்பின் விளிம்புக்கு மேலே எல்லாப் பக்கமும் நுழைத்துப் பார்ப்பேன். மூலைகளில் மட்டும் பார்த்தால் போதாது, தட்டு தொய்வது நடுவில்தான். மூன்று அட்டையும் தாராளமாகப் போகிறது என்றால் அந்தத் தட்டில் குஞ்சுகளை வைக்க மாட்டேன். டப்புக்குள் தூளும் தண்ணீரும் வைத்த பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும். வளையும் பாலிப்ரொப்பிலீன் டப்பில் எடை ஏறினால் பக்கச் சுவர் வெளியே பிதுங்கி, விளிம்பு கீழே இறங்கும். கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும் கடினமான பாலிஸ்டைரீன் டப் வளையாது, ஆனால் ஒருநாள் மூலையில் கீறல் விட்டு உடையும். எனக்கு இரண்டிலும் அனுபவம் உண்டு. வளைகிற டப்பையே நான் எடுப்பேன், தட்டு சரியாக இருந்தால் வளைவைச் சமாளித்துவிடலாம்.

இன்னொன்று. பெரிய பாம்பு இடுக்கைத் தேடிக்கொண்டிருக்காது. டப்பையே தள்ளும். வளர்ந்த பெண் பால் பைதான் ஒன்றரை, இரண்டு கிலோ வரும். அது பின்சுவரில் முதுகை ஊன்றி முன்சுவரை முட்டினால், லேசாக ஓடும் டப் இரண்டு விரல் அளவு வெளியே வந்துவிடும். முன்னால் ஒரு கொக்கியோ குறுக்குக் கம்பியோ இல்லாத ரேக்கில் வளர்ந்த பாம்பை வைக்காதீர்கள்.

இரண்டாவது ரேக் பிவிசி நுரைப்பலகை. எடை குறைவு, தண்ணீர் பட்டால் கவலையில்லை, கிருமிநாசினி தெளித்துத் துடைத்தால் கறை போகும். ஐந்து வருடமாகத் தட்டுகள் ஒரு மில்லிமீட்டர்கூடத் தொய்யவில்லை. பொருளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மெலமைனுக்கும் பிவிசிக்கும் நடுவே யோசித்துக்கொண்டிருந்தால் பிவிசியே வாங்குங்கள்.

ஆனால் இந்த ரேக்கில்தான் சூட்டுப் பிரச்சினையை முழுசாகப் பார்த்தேன். ஹீட் டேப்பைத் தெர்மோஸ்டாட் (சூட்டை அளந்து மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் நேரடியாக மின்சாரத்தில் செருகக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், நானும் செருகவில்லை. நான் செய்த தவறு அதன் ப்ரோபை, அதாவது ஒயர் முனையில் சூட்டை அளக்கும் உணரியை, டப்புக்குள் வைத்தது. பாம்பு படுக்கும் இடத்தின் சூட்டைத்தானே அளக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு இரவு பால் பைதான் தோண்டியதில் ப்ரோப் நகர்ந்து முன்பக்கக் குளிர்ந்த மூலைக்கு வந்துவிட்டது. அங்கே 25 டிகிரி. தெர்மோஸ்டாட் பாவம் என்ன செய்யும், சூடு போதவில்லை என்று நினைத்து ஓடிக்கொண்டே இருந்தது. காலையில் இன்ஃப்ராரெட் வெப்பமானியைப் பின்பக்கத் தரையில் காட்டினால் 46 டிகிரி. 32 இருக்க வேண்டிய இடம் அது. பாம்பு முன்சுவரோடு முகத்தை ஒட்டிக்கொண்டு சுருண்டிருந்தது. டப்புக்கு நீளம் இருந்ததால், ஒதுங்க ஒரு குளிர்ந்த பக்கம் இருந்ததால், வயிற்றில் கொப்புளம் இல்லாமல் தப்பியது. அதே சூடு சின்ன டப்பில் ஏறியிருந்தால் அதற்குப் போக இடமே இருந்திருக்காது.

இப்போது ப்ரோபை டப்புக்கு வெளியே, ஹீட் டேப்புக்கும் டப்பின் அடிக்கும் நடுவே அசையாதபடி பொருத்தியிருக்கிறேன். அங்கே காட்டும் சூடும் உள்ளே தரையில் இருக்கும் சூடும் ஒன்றாக இருக்காது. அதனால் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் உள்ளே அளந்து, அதற்கேற்ப தெர்மோஸ்டாட்டை வைக்க வேண்டும். பால் பைதானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, கார்ன் ஸ்னேக்குக்கு 29, 30 போதும். ஒரே ப்ரோப் எல்லாத் தட்டுக்கும் சேர்த்து வேலை செய்யும் ரேக்கில் மேல்தட்டு கீழ்த்தட்டைவிட ஓரிரு டிகிரி கூடவே இருக்கும், சூடு மேலே ஏறும் அல்லவா. நான் ப்ரோபை மேல்தட்டில் வைக்கிறேன். கீழே கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை, அங்கே கார்ன் ஸ்னேக்குகள் இருக்கின்றன.

அப்புறம், ஆன்-ஆஃப் வகைத் தெர்மோஸ்டாட்டில் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே ஒரு நாள் ஒட்டிக்கொள்ளக்கூடும். ஒட்டிக்கொண்டால் மின்சாரம் நிற்கவே நிற்காது. அதனால் இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றை முதலாவதுக்கு முன்னால் தொடராக இணைத்து, மூன்று டிகிரி கூடுதலாக வைத்திருக்கிறேன். முதலாவது கெட்டாலும் இது நிறுத்திவிடும். ரேக்குக்குச் செலவு செய்யும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குங்கள் என்று யார் கேட்டாலும் கெஞ்சிச் சொல்வேன்.

காற்றோட்டத் துளைகளைப் பொறுத்தவரை, குறைவாக ஆரம்பியுங்கள். பக்கத்துக்கு நான்கு துளை போட்டு, ஈரப்பதமானியை உள்ளே வைத்து ஒரு வாரம் பாருங்கள். பால் பைதானுக்கு 55 முதல் 70 சதவீதம் ஈரப்பதம் வேண்டும், இல்லையென்றால் சட்டை ஒரே உரியாக வராமல் துண்டு துண்டாகப் பிய்ந்து கண்மேல் ஒட்டிக்கொள்ளும். கார்ன் ஸ்னேக்குக்கு அவ்வளவு ஈரம் தேவையில்லை, டப்பின் தரை நனைந்தே கிடந்தால் வயிற்றுச் செதில் பழுத்துப்போகும். ஒரே ரேக்கில் இரண்டு இனமும் இருந்தால் துளைக் கணக்கு டப்புக்கு டப் மாறும். கூடுதலாகப் போட்ட துளையை டேப் ஒட்டி மூடும் எண்ணம் வேண்டாம். பாம்பின் செதிலில் பசை பட்டால் பிரிக்கும்போது தோலோடு வரும். துளையை உள்ளிருந்து வெளியே போடுங்கள், பிசிறு வெளிப்பக்கம் நிற்கும்.

மைட், அதாவது பாம்பின் ரத்தத்தைக் குடிக்கும் சிற்றுண்ணி, பற்றி ஒரு வார்த்தை. ரேக்கில் ஒரு டப்பில் வந்தால் எல்லா டப்பிலும் வந்ததாக நினைத்துக்கொள்ள வேண்டும், டப்புகளுக்கு நடுவே இருப்பது ஒரு இடுக்குதான். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் தூவியது மாதிரி கரும்புள்ளிகள் தெரிந்தால் அதுதான். புதிதாக வரும் பாம்பை நான் 90 நாள் வேறு அறையில் தனி டப்பில் வைக்கிறேன். அதன் டப்பில் கை வைத்த பிறகு அன்றைக்கு ரேக்கைத் தொடுவதில்லை.

மூன்றாவது ரேக் வாங்கியது வளர்ந்த பால் பைதான்களுக்காக. 85 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம் உள்ள டப்புகள். பெரியவைதான் என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள் அக்கா மகன் வந்திருந்தான். டப்பை இழுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “மாமா, இது நீளமா படுக்கவே படுக்காதா?” என்றான். எட்டு வயதுப் பையன். என்னிடம் பதில் இல்லை. அவன் போன பிறகு அளவு டேப்பால் அளந்தேன். அந்தப் பெண் பாம்பு 130 சென்டிமீட்டர். டப்பை மூலைக்கு மூலை அளந்தாலும் 96தான் வருகிறது.

பால் பைதான் சுருண்டு கிடக்கிற பாம்பு, வளைக்குள் வாழ்கிற பாம்பு, அதற்கு இடம் வேண்டாம் என்று நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அதன் பிறகு சில இரவுகள் விளக்கை மங்கலாக வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். பகல் முழுக்கச் சுருண்டிருந்த பாம்பு இரவில் முன்சுவரோரமாக இடம் வலமாக, வலம் இடமாக, மூக்கைத் தேய்த்தபடி நகர்ந்துகொண்டே இருந்தது. மூக்கு நுனிச் செதில் வெளிறிப்போயிருந்ததற்குக் காரணம் அன்றுதான் புரிந்தது. 2021இல் ப்ளாஸ் ஒன் இதழில் வந்த ஆய்வு ஒன்றையும் அப்போது படித்தேன். 35 பால் பைதான்களை ரேக்கிலும் டெரேரியத்திலும் (ஏறவும் ஒளியவும் இடம் அமைத்த பெரிய கூண்டு) வைத்து, வீடியோவில் பதிவு செய்து ஒப்பிட்டிருக்கிறார்கள். டெரேரியத்தில் அவை ஏறின, புதைந்தன, வெயில் காய்வதுபோல் விளக்கடியில் கிடந்தன. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கம் ரேக்கில்தான் அதிகம் தெரிந்தது. நான் கண்ணால் பார்த்ததும் அதுதான்.

பெண் பாம்பை 150 சென்டிமீட்டர் நீள டெரேரியத்துக்கு மாற்றினேன், உள்ளே தடித்த கிளை ஒன்றை வைத்து. மூன்றாம் வாரம் அது கிளையின் உச்சியில் உடம்பைத் தொங்கப்போட்டுக் கிடந்ததைப் பார்த்தேன். ஏழு வருடத்தில் அது ஏறி நான் பார்த்ததில்லை, ஏற ஒன்றும் வைத்ததில்லை.

இதனால் ரேக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. பால் பைதான் குஞ்சு ஒன்று திறந்த கண்ணாடித் தொட்டியில் ஆறு வாரம் இரை எடுக்காமல் என்னைப் பயமுறுத்தியது. இருட்டான ஆறு லிட்டர் டப்புக்கு மாற்றிய ஐந்தாம் நாள் முதல் எலிக்குஞ்சைப் பிடித்தது. குஞ்சுகளுக்கும், நோய்க்காகக் கவனிக்க வேண்டிய பாம்புகளுக்கும் ரேக்கைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. சுத்தம் செய்வது சுலபம், எச்சம் போட்டதா, இரையைக் கக்கியதா என்பது உடனே தெரிந்துவிடும். ஆனால் குஞ்சு டப்பிலும் இரண்டு ஒளிவிடமாவது வையுங்கள், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று.

வாங்கும்போதே இரண்டு டப் கூடுதலாக வாங்கிவிடுங்கள். என் இரண்டாவது ரேக்கின் டப்புகளைச் செய்தவர்கள் மூன்றாம் வருடம் அச்சை மாற்றிவிட்டார்கள். பெயர் அதே, விளிம்பு மட்டும் நான்கு மில்லிமீட்டர் குட்டை. அந்த நான்கு மில்லிமீட்டரில் ஒரு குஞ்சு போய்விடும்.

இப்போது பிவிசி ரேக்கின் மேல் மூன்று தட்டுகளில் பால் பைதான் குஞ்சுகள், கீழே நான்கில் கார்ன் ஸ்னேக் குஞ்சுகள். ஒவ்வொரு டப்பின் முன்னாலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: இரை எடுத்த தேதி, சட்டை உரித்த தேதி, கடைசியாக அளந்த நீளம். நீளம் டப்பின் மூலைக்கு மூலை அளவைத் தொட்டதும் அந்தப் பாம்பு வெளியே வரும். மூன்றாவது ரேக்கின் டப்புகளைக் கழற்றிவிட்டேன். அதன் சட்டத்தில் இப்போது தேங்காய்நார் மூட்டைகளும் தண்ணீர்க் கிண்ணங்களும் இருக்கின்றன.